அறுவை திருச்சியில், வாந்தி வேதாரண்யத்தில்: எடைக் குறைப்பு ஊசி, பலூன், அறுவை – டெல்டாக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

எடைக் குறைப்புச் சிகிச்சை என்றதும் எல்லோரும் கேட்பது "எத்தனை கிலோ குறையும்?" என்பதைத்தான். விளம்பரப் பலகையிலும் அந்த எண்தான் பெரிதாக இருக்கும். பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு அந்தக் கேள்வி போதலாம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர் இன்னொன்றும் கேட்டாக வேண்டும். சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் ராத்திரி பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தால், பக்கத்துத் தெரு கிளினிக்கில் என்ன செய்வார்கள்? இந்த மதிப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான். மருந்தும் அறுவையும் வேலை செய்கின்றன, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. டெல்டாவில் அவை கெட்டுப்போவது மே மாத வெயிலிலும், குளுக்கோஸ் பாட்டிலிலும், மூன்றாம் மாதத்தோடு நின்றுபோகும் ரத்தப் பரிசோதனையிலும்தான்.

கணக்குக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுப் பெண், உயரம் 160 செ.மீ., எடை 90 கிலோ, சர்க்கரை உண்டு. எடையை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ.: 90 ÷ 2.56 = 35.2. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடற்பருமன். மேலை நாடுகளில் 30. நமக்குக் கோடு கீழே இருப்பதற்குக் காரணம் வயிறு. குறைந்த எடையிலேயே குடல், கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரையைக் கொண்டுவந்துவிடும். அதனால் இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. புடவை கட்டும் இடத்தில் அளந்தால் தவறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும்.

இரைப்பையைச் சுருக்கும் அறுவைக்கு எப்போது போகலாம்? 2022-இல் எடைக் குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்க, சர்வதேசச் சங்கங்கள் சேர்ந்து திருத்திய வழிகாட்டுதலில், பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அதைப் பற்றிப் பேசலாம். நாம் எடுத்துக்கொண்ட பெண்ணின் உயரத்துக்கு 27.5 என்பது 70.4 கிலோதான். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விலக்கு விதி பழைய கோட்டிலேயே நிற்கிறது. காப்பீட்டுப் பணம் கிடைக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை, இதயத் தமனி நோய், கடும் உறக்க மூச்சடைப்பு போன்ற ஒன்று, அதோடு மற்ற வழிகள் பலிக்கவில்லை என்ற மருத்துவப் பதிவும் வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 35.2-இல் இருப்பவர் ஊசியிலும் பத்தியத்திலும் 3 கிலோ இறக்கிவிட்டு விண்ணப்பித்தால் பி.எம்.ஐ. 34 ஆகிவிடும், கோப்பு திரும்பி வரும். எனவே முதல் சந்திப்பு நாளிலேயே செருப்பைக் கழற்றி உயரம், எடை அளந்து, தேதியோடு மருத்துவர் கையெழுத்து வாங்கி வைப்பது அவசியம்.

எந்தச் சிகிச்சைக்கு முன்னும் எடை ஏன் ஏறியது என்று ஒரு முறை தேட வேண்டும். தைராய்டுக்கு டி.எஸ்.எச். பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பதுதான் நடப்பதில்லை. சர்க்கரைக்கான இன்சுலின், பயோகிளிட்டசோன், மனநோய்க்கான ஒலான்சபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட் எல்லாம் எடை ஏற்றும். பெயர் அச்சிடாத பொட்டலத்தில் மூட்டுவலிக்கு என்று வாங்கும் பொடி, மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. முகம் உருண்டு, வயிறு மட்டும் பருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தால் முதல் சந்தேகம் அந்தப் பொட்டலத்தின் மேல் விழ வேண்டும். ஆண்டுக்கணக்கில் தின்றதை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்லும் படிகளில் இறக்க வேண்டும்.

வார ஊசிகள்

இப்போது பேச்சு எல்லாம் இரண்டு மருந்தைப் பற்றித்தான். செமாக்ளூடைடு, எடைக்கென்று 'வெகோவி' என்ற பெயரில் 2025 ஜூனில் இந்தியாவுக்கு வந்தது. டிர்ஸெபடைடு, 'மவுஞ்சாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சில் குப்பியாகவும் பிறகு மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசியாகவும் வந்தது. இரண்டும் குடல் சுரக்கும் ஹார்மோனைப் போல நடித்து மூளையில் பசியைக் குறைக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதிக்கும். 2021-இல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைடு 2.4 மி.கி. 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. 2022-இல் வெளியான ஆய்வில் டிர்ஸெபடைடு 15 மி.கி. 72 வாரத்தில் 20.9 சதவீதம். இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட 2025 ஆய்வில் 20.2-க்கு 13.7 என்று டிர்ஸெபடைடு முந்தியது. நம் 90 கிலோ பெண்ணுக்கு இது முறையே 18 கிலோ, 12 கிலோ அளவு. சராசரி என்பதை மறக்கக் கூடாது. சிலருக்கு 5 கிலோவோடு நிற்கும்.

செமாக்ளூடைடு 0.25 மி.கி.-இல் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு முறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். டிர்ஸெபடைடு 2.5-இல் தொடங்கி இரண்டரை இரண்டரையாக அதிகபட்சம் 15 வரை. முதல் படி உடம்பைப் பழக்குவதற்குத்தான், அந்த மாதம் எடை குறையவில்லை என்று மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். குமட்டல் அடங்காதபோது அடுத்த படிக்குத் தாவுவதுதான் பெரும்பாலான வாந்திக்குக் காரணம். அதே அளவில் இன்னும் நான்கு வாரம் நிற்பதில் எந்த நஷ்டமும் இல்லை. நன்றாகக் குறைந்துகொண்டிருந்தால் உச்ச அளவுக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

குப்பியா பேனாவா? குப்பி அறிமுகமானபோது 2.5 மி.கி. 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். ஒரு குப்பி ஒரு வாரத்துக்கு, உள்ளே அரை மி.லி. இங்கேதான் சிரிஞ்சு குழப்பம். மெடிக்கலில் இன்சுலின் சிரிஞ்சு கேட்டால் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என இரண்டு வகை வரும். சிவப்பு மூடி 40 அலகு சிரிஞ்சில் அரை மி.லி. என்பது 20-ஆம் கோடு. ஆரஞ்சு மூடி 100 அலகு சிரிஞ்சில் அதே அரை மி.லி. 50-ஆம் கோடு. ஆரஞ்சு மூடியை எடுத்துக்கொண்டு "20 வரை இழு" என்று கேட்டதைச் செய்தால் பாதிக்கும் குறைவாகத்தான் மருந்து போகும். செலவு மிச்சம் என்று 5 மி.கி. குப்பியை இரண்டு வாரத்துக்குப் பங்கு போடுவதும் நடக்கிறது. ஒற்றை வேளைக்கான குப்பி அது. ரப்பரில் ஊசி இறங்கிய பிறகு கிருமியைத் தடுக்க அதில் எதுவும் கிடையாது. மீதியைக் கொட்டத்தான் வேண்டும்.

பேனா கைக்கு எளிது. மவுஞ்சாரோ பேனாவில் நான்கு வார அளவு இருக்கும். ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, முதலில் ஒரு சொட்டு வெளியே விட்டுச் சரிபார்த்து, தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, நேராக இறக்கி, பொத்தானை அழுத்தியபடியே ஐந்து எண்ண வேண்டும். வெகோவிக்கு ஆறு. எண்ணாமல் வெடுக்கென்று இழுத்தால் மருந்து தோலில் வழியும். நான்கு வேளைக்குப் பிறகும் பேனாவுக்குள் கொஞ்சம் திரவம் தெரியும். அது சரிபார்க்கும் சொட்டுகளுக்காக விட்ட உபரி. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தால் எவ்வளவு வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசியை மாட்டியபடியே பேனாவை வைத்தால் காற்று புகும், மருந்து கசியும்.

செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால், இந்தியத் தயாரிப்புகளின் விலைக்கு ஆசைப்படாமல் இருக்க முடியாது, ஆசைப்படுவதில் தப்பும் இல்லை. பில், தொகுதி எண், காலாவதித் தேதி, பனிப்பையில் கொடுத்த கடை, இந்த நான்கும் இருந்தால் வாங்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் லேபிள் இல்லாத குப்பியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

திறக்காத ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி. திறந்த பிறகு வெகோவி பேனா 30 டிகிரிக்குள் ஆறு வாரமும் மவுஞ்சாரோ பேனா 30 நாளும் வெளியே தாங்கும். ஆனால் டெல்டாவில் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? எனவே திறந்த பேனாவும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். கதவுத் தட்டு வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். ஃபிரீசர் பெட்டியை ஒட்டிய மேல் தட்டு அதைவிட மோசம், உறைந்துபோன மருந்து உருகினாலும் பயன்படாது. நடுத்தட்டில், டப்பாவுக்குள், சுவரைத் தொடாமல். திருச்சியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது பனிக்கட்டிப் பை பேனாவை நேராகத் தொடக் கூடாது, நடுவே துணி சுற்ற வேண்டும். மின்சாரம் நாள்கணக்கில் போகும் புயல் காலத்தில், கதவைத் திறக்காமல் வைத்தாலே சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கலாம். அது ஃபிரிட்ஜ் ஆகிவிடாது, அறை வெப்பத்தைச் சில டிகிரி இறக்கும், அவ்வளவுதான். கலங்கியோ நிறம் மாறியோ இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

ஊசியில் என்ன தவறாகும்? குமட்டல், மலச்சிக்கல், புளித்த ஏப்பம் பலருக்கும் வரும். எண்ணெய்ப் பலகாரத்தையும் ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டையும் விட்டால் பெருமளவு அடங்கும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலியோடு வாந்தி என்றால் கணைய அழற்சிச் சந்தேகம். ஊசியை நிறுத்தி அன்றே லைபேஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் வரலாம். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்ஸெபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதால், தொடங்கும்போதும் ஒவ்வொரு படி ஏறும்போதும் நான்கு வாரத்துக்கு ஆணுறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்புரை, ஹிரண்யா என்று எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். வெறும் வயிறு என்று நினைக்கும் இரைப்பையில் நேற்றைய சோறு இருக்கலாம்.

நம் பகுதியில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், எடை ஊசியைத் தனியார் மருத்துவர் எழுதுவார். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. வரும் மாத்திரையில் கிளிமிபிரைடு போன்றது இருந்து, ஊசியால் சாப்பாடும் பாதியானால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய், ஊசி தொடங்கும் அன்றே அளவைக் குறைத்து எழுதி வாங்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே பேச்சுதான்.

நிறுத்தினால்? செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை அந்த 2021 ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. ஆறு மாதப் பணம்தான் கையில் இருக்கிறது என்றால் ஊசியைத் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மாத்திரை, பொடி, பலூன்

ஆர்லிஸ்டாட் 120 மி.கி., மூன்று வேளைச் சாப்பாட்டோடு. உண்ட கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சவிடாமல் மலத்தோடு அனுப்பும். ஓராண்டில் மாத்திரை இல்லாதவரைவிட 3 கிலோ போலத்தான் அதிகம் குறையும். வடை, பஜ்ஜி தின்றால் உடுத்திய துணியில் எண்ணெய் கசியும். சோறே பிரதானமான சாப்பாட்டில் கொழுப்பைத் தடுத்து ஆகப்போவது குறைவு, எனவே டெல்டாச் சாப்பாட்டுக்கு இது பொருந்தாது. எடுப்பவர்கள் வைட்டமின் மாத்திரையைப் படுக்கும்போது போட வேண்டும்.

ரைபெல்சஸ் செமாக்ளூடைடின் மாத்திரை வடிவம், சர்க்கரைக்கானது. வெறும் வயிற்றில் 120 மி.லி.க்கு மிகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் காபியும் கூடாது. டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. காலை டிகிரி காபியைத் தள்ளிப்போட முடியாதவர்களுக்கு இது வீண் செலவு.

"மூலிகை" என்று விற்கும் மெலிவுப் பொடிகளில் சிபுட்ரமைன் கலந்திருப்பது உலகெங்கும் பல முறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்ட மருந்து அது. பொடி தின்று பசி அடியோடு நின்று நெஞ்சு படபடத்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கித் தின்னச் சொல்லும் காணொளிகளைப் பற்றி ஒரே வரி: வெங்காரம் விஷம்.

பலூன் என்பது இரைப்பைக்குள் வைக்கும் சிலிக்கோன் பந்து. எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளே இறக்கி 400 முதல் 700 மி.லி. உப்புநீரை நிரப்புவார்கள். அதில் நீலச் சாயம் கலந்திருக்கும். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் கசிந்துவிட்டது என்று பொருள், அன்றே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருங்கிய பந்து குடலில் போய் அடைக்கும். முதல் மூன்று நான்கு நாள் வாந்தி கடுமையாக இருக்கும். ஆறு மாத வகையை ஆறாம் மாதம் எடுத்தே தீர வேண்டும். குறுவை நடவு, அறுவடை என்று தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஆபத்தான சாமான். குறையும் எடை பத்து சதவீதம் சுற்றி, எடுத்த பிறகு ஏறும். பெரிய அறுவைக்கு முன் உடம்பை இலகுவாக்க மட்டும் இதற்கு இடம் உண்டு என்பது எங்கள் கருத்து.

அறுவை

ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ். மூன்றும் லேப்ராஸ்கோப்பி துளைகள் வழியாகத்தான்.

ஸ்லீவில், வாய்வழியே ஒரு ரப்பர் குழாயை அளவுகோலாக இறக்கி, அதை ஒட்டி ஸ்டேப்ளரால் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுப்பார்கள். மிச்சம் வாழைக்காய் வடிவில் ஒரு குழல். பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதி போய்விடுவதால் பசியும் குறையும். குடலில் கை வைப்பதில்லை. குறை என்னவென்றால் நெஞ்செரிச்சல். ஏற்கெனவே எதுக்களிப்பு கடுமையாக இருப்பவருக்கும், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண்ணாகியிருப்பவருக்கும் ஸ்லீவ் செய்தால் பிறகு பைபாஸாக மாற்ற வேண்டிவரும்.

பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் 30 மி.லி. பை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலைத் தூக்கி வந்து அதில் தைப்பார்கள். சர்க்கரைக்கு இதுவே வலுவானது, எதுக்களிப்பும் அடங்கும். மினி பைபாஸில் பை நீளமானது, இணைப்பு ஒன்றே ஒன்று, 150 முதல் 200 செ.மீ. குடலைத் தாண்டி இணைப்பார்கள். செய்வது எளிது, நேரம் குறைவு. அந்த 200-ஐத் தாண்டினால் எடை இன்னும் இறங்கும், கூடவே புரதமும் இறங்கும். கால் வீங்கி, ரத்தப் புரதமான அல்பூமின் சரிந்து, மறு அறுவை வரை போகலாம். மூன்று வேளையும் சோறு, ரசம், மோர் என்று புரதம் குறைவாக உண்பவருக்கு நீளமான மினி பைபாஸ் வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவில் பெருந்திரளான நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வில் ஐந்தாம் ஆண்டு முடிவில் பைபாஸ் 25.5 சதவீதம், ஸ்லீவ் 18.8 சதவீதம் எடைக் குறைவைக் காட்டின. நம் பெண்ணுக்கு 23 கிலோ, 17 கிலோ. ஊசியைத் தொடரும் வரை ஊசியும் ஸ்லீவும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்கின்றன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூரத்தையும் கணக்கில் எடுத்தால் எங்கள் தேர்வு இது: கடற்கரைப் பக்கம் தொலைவில் இருப்பவர், நெஞ்செரிச்சல் இல்லாதவர் என்றால் ஸ்லீவ். அவசரம் வந்தாலும் உள்ளூர் அறுவை மருத்துவருக்குப் புரியும் உடலமைப்பு அது. சர்க்கரை கட்டுக்கடங்காதவர், எதுக்களிப்பு உள்ளவர், ஆண்டுக்கு இரண்டு முறையாவது திருச்சிக்குப் போகக்கூடியவர் என்றால் பைபாஸ்.

மருத்துவமனைகள் "தொகுப்பு" என்று ஒரே விலை சொல்வார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டும். ஸ்லீவுக்கு நாலு முதல் ஆறு ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் செலவாகும். ஒவ்வொன்றின் ஸ்டிக்கரும் உங்கள் கோப்பில் ஒட்டப்பட வேண்டும். ஒருமுறைப் பயன்பாட்டுக் கருவியைக் கழுவி மறுபடி பயன்படுத்தவில்லை என்பதற்கு அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி. எண்டோஸ்கோப்பி, இரைப்பைக் கிருமிப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், குறட்டை உள்ளவருக்கு உறக்கப் பரிசோதனை, பி12, டி, இரும்பு அளவுகள் எல்லாம் அறுவைக்கு முன்பே இருக்க வேண்டும். முன் இரண்டு வாரம் 800 முதல் 1,000 கலோரிப் பத்தியம் உண்டு. அது எடைக்காக அன்று, கொழுத்த கல்லீரலைச் சுருக்குவதற்காக. பத்தியத்தை ஏமாற்றிவிட்டுப் படுத்தால், தூக்க முடியாத கல்லீரலின் அடியில் இரைப்பை தெரியாமல் அறுவை சிக்கலாகும். புகையிலையை ஆறு வாரம் முன்பே விட வேண்டும், வெற்றிலையோடு போடுவதும் சேர்த்து. அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவும் ராத்திரி தங்கும் மயக்க மருத்துவரும் இல்லாத இடத்தில் விலை எவ்வளவு குறைந்தாலும் படுக்கக் கூடாது.

வீடு திரும்பிய பின்

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். உடனே வேதாரண்யம் பஸ் ஏறாமல், பத்து நாளாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது. ஸ்லீவின் தையல் கசிவு நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான் வரும். ஆனால் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் தலைகாட்டும். காய்ச்சலுக்கு முன்பே நாடி ஓடத் தொடங்கும். உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி நின்றால், இடது தோளில் வலி எடுத்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் அறுவை செய்த இடத்துக்குப் போக வேண்டும். பயணத்தில் மணிக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், கால் ரத்தக் குழாயில் உறையும் ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

முதல் நாள்களில் கால் மணிக்கு 30 மி.லி., அதாவது இரண்டு மேசைக்கரண்டி. இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர். இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, ஆறாம் வாரத்துக்கு மேல் கட்டியானது. குழைந்த கஞ்சி இறங்கும். தோசையும் பரோட்டாவும் மாவுக் கட்டியாகி அடைக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் என்றால் மலைக்க வேண்டாம்: இரண்டு முட்டை 12, விரால் அல்லது கெண்டை 100 கிராமில் 18, பால் இரண்டு டம்ளரில் 13, தயிர் ஒரு கிண்ணத்தில் 6, சுண்டல் 100 கிராமில் 8. கூட்டினால் 57, மீதியைப் பருப்பு கொடுக்கும். தட்டில் முதலில் மீன், கடைசியில் சோறு. பைபாஸ் ஆனவர் அசோகா அல்வாவையோ கரும்புச் சாற்றையோ ஒரு மடக்குக் கூடுதலாக எடுத்தால், அரை மணிக்குள் வியர்த்து, படபடத்து, வயிற்றைக் கலக்கும்.

வைட்டமின் வாழ்நாளுக்கு. கால்சியம் 1,200 முதல் 1,500 மி.கி., ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம். சீட்டில் 'சிட்ரேட்' என்றிருந்தால் கடையில் 'கார்பனேட்' கொடுத்தால் திருப்பிவிடுங்கள், அமிலம் குறைந்த வயிற்றில் அது சரியாகக் கரையாது. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. காபி, டீயும் இரும்பைத் தடுக்கும். பி12 மாதம் ஒரு ஊசி 1,000 மைக்ரோகிராம் என்றால் மறக்காது. பித்தக்கல்லைத் தடுக்க உர்சோடியாக்சிகோலிக் அமிலம் ஆறு மாதம். கர்ப்பம் 12 முதல் 18 மாதத்துக்குத் தள்ள வேண்டும். மூன்றாம் மாதம் முடி கொட்டும், பயப்படாமல் புரதத்தையும் இரும்பையும் சரிபார்க்க வேண்டும். 3, 6, 12-ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. அதற்கு ஒவ்வொரு முறையும் திருச்சி போகத் தேவையில்லை. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ லேபில் எடுத்து அனுப்பினால் போதும்.

இனி அந்த ராத்திரி வாந்தி. பக்கத்து கிளினிக்கில் முதலில் தொங்குவது குளுக்கோஸ் பாட்டில். உடம்பில் வைட்டமின் பி1 கையிருப்பு இரண்டு மூன்று வாரம்தான் வரும். சர்க்கரையை எரிக்க பி1 வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருந்ததும் தீர்ந்து மூளை பாதிக்கும். கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும், தாமதித்தால் நினைவு திரும்பாது. ஊசியால் விடாமல் வாந்தி எடுப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. இரண்டாவது, மூக்கில் குழாய் விடுவது. சின்னப் பையில் கண்மூடி விட்டால் தையலைக் கிழிக்கும். மூன்றாவது, வயிற்று வலிக்கு டைக்ளோஃபெனாக். பைபாஸ் இணைப்பில் புண் உண்டாக்கும். நான்காவது, பைபாஸ் ஆகி ஓராண்டுக்குப் பின் சுருட்டிப் பிடித்து விட்டு விட்டு வரும் வலியைக் கேஸ் என்று அனுப்புவது. எடை குறைந்தபின் குடலைத் தாங்கும் சவ்வில் விழும் இடைவெளியில் குடல் நழுவிச் சிக்கியிருக்கலாம். சாதா எக்ஸ்ரேயில் தெரியாது, சி.டி. ஸ்கேன் வேண்டும்.

இவற்றை வாந்தி எடுத்துக்கொண்டே விளக்க முடியாது. ஆதார் அட்டை அளவில் ஒரு தாள் எழுதி, அறுவை மருத்துவர் கையெழுத்தோடு லேமினேட் செய்து, நோயாளி பர்ஸில் ஒன்றும் வீட்டில் இருப்பவரிடம் ஒன்றும் இருக்கட்டும். எழுத வேண்டியது இவ்வளவு: "எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியுள்ளது. தேதி. தாண்டி இணைத்த குடல் நீளம் இத்தனை செ.மீ. வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடவும், உப்புநீர் டிரிப்ஸ் போதும். மூக்குக் குழாய் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போடலாம். நாடி 120-க்கு மேல் நின்றாலோ வயிற்று வலி ஆறு மணி நேரம் தாண்டினாலோ இந்த எண்ணுக்கு அழைக்கவும்." கடைசியில் வரும் எண் வரவேற்பறை எண்ணாக இருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கும் எண்ணா என்று பணம் கட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி அழைத்துப் பாருங்கள்.